பெருமாள் அண்ணனின் கிடா

என் வலது கையில், நடுவிரல் முட்டிக்கு மேல் ஒரு தழும்பு இருக்கிறது. ஒரு மனிதரின் முன்பல் பட்டுக் கிழிந்த இடம். அந்தப் பல்லை உடைத்தவன் நான். என்னைச் சாகடிக்கப் பார்த்த நோய் அந்தக் கிழிசல் வழியாகத்தான் உள்ளே போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகிறது. "யார் கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டீங்க, எழுதியாச்சும் வைங்கப்பா" என்று மகள் தேவி ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாள். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில்தான் உட்காருவேன். வாய் பேசாமல் இருப்பது நல்ல குணம் என்று ஐம்பத்திரண்டு வயது வரை நினைத்திருந்தேன். அது ஆளைக் கொன்றுவிடும் என்று ஆஸ்பத்திரியில் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு மாசாயில். ஒரு சீன முதலாளியிடம், எங்கள் பேச்சில் தௌக்கேயிடம், பத்து டயர் லோரி ஓட்டினேன். பாசீர் கூடாங்கில் சரக்கு ஏற்றி மெர்சிங்கில் இறக்கிவிட்டு வருவது என் வேலை. தௌக்கே நல்லவர், ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். தண்ணீர் தேங்கிய ரோட்டில் லோரியை விட்டால் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம். முன்பு ஒருவன் விட்டு இன்ஜின் போனது. அவனை அன்றைக்கே நிறுத்தினார்.

வருஷக் கடைசி மழையில் கோத்தா திங்கி பக்கம் ஆறு கரையை உடைத்த அன்று காலையில், நான் மெர்சிங்கிலிருந்து வெறும் லோரியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். போலீஸ் ரோட்டை மூடிவிட்டது. வண்டிகள் வரிசையாக நின்றன. இடது பக்கம் ஒரு தோட்டத்துச் செம்மண் பாதை. அதன் முடிவில் தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடுகள். பாதை எங்கே, ஆறு எங்கே என்று தெரியவில்லை. கேஸ் சிலிண்டர், நாற்காலி, செத்த நாய் எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போயின.

அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு ஆள் நெஞ்சளவு நனைந்து, கையில் கம்போடு வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். என் லோரிக் கதவைக் கம்பால் அடித்தார்.

"டேய், தமிழாளா? எறங்கு."

"என்னாண்ணே?"

"உள்ள முப்பது பேரு மாட்டிக்கிட்டாங்க. பொம்பா மீட்புப் படகு டவுனுக்குள்ள போயிருச்சு. உன் லோரிதான் ஒசரமா இருக்கு. வா."

"லோரி என்னுது இல்லண்ணே. தௌக்கே ஏசுவாரு."

அவர் என் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். சுதந்திர தினத்துக்காக ஆகஸ்டு மாதம் கட்டிய சின்னத் தேசியக் கொடி அதில் இன்னும் இருந்தது.

"இது யாருது? இதுவும் தௌக்கேயுதா?" என்றார். "நல்லா கட்டி வச்சிருக்க லா. நாடுன்னா கண்ணாடியில கட்டுற துணின்னு நெனைச்சியா? உள்ள ஒரு பொண்ணு நெறமாசமா கூரை மேல உக்காந்திருக்கு. நீ இங்கயே உக்காந்து ரேடியோ கேளு."

காறி என் டயரில் துப்பினார்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு வீரம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. முன்னும் பின்னும் கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்கத்தான் சாவியைத் திருப்பினேன்.

அவர் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு வழி சொன்னார். பெயர் பெருமாள், ராணுவத்தில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதெல்லாம் ஏறியவர்கள் கூப்பிட்டதில் தெரிந்தது. அவர் யாரையும் கெஞ்சவில்லை. பிள்ளைகளை மூட்டை போலத் தூக்கி மேலே எறிந்தார். ஜன்னல் கம்பியை விடாத ஒரு மலாய்க்காரப் பெரியவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தார். மூன்று பங்களாதேஷ்காரர்களைச் சட்டையைப் பிடித்து இழுத்து ஏற்றினார். நெறமாசப் பெண்ணை மட்டும் இரண்டு கையில் ஏந்தி வந்து, "பாத்து ஓட்டுடா, இது சரக்கு இல்ல" என்றார். ஒரு குளிர்பெட்டி மிதந்து வந்து லோரியின் பக்கவாட்டில் இடித்தபோது உள்ளே இருந்தவர்கள் எல்லாம் ஒரே குரலில் கத்தினார்கள்.

இரண்டு நடையில் எல்லோரும் மேட்டுக்கு வந்துவிட்டார்கள். கடைசி நடை அவருக்காக. அவர் வீடு கடைசி வீடு. "ஒரு நிமிஷம்" என்று உள்ளே போனவர் வரவில்லை. முன் டயர் மூழ்கத் தொடங்கியது. நான் முதல் முறையாகத் தண்ணீரில் இறங்கினேன். நெஞ்சுவரை வந்தது.

அவர் சமையலறையில் மேசைமேல் நின்று ஒரு கறுப்புக் கிடாவைக் கழுத்தோடு கட்டிப் பிடித்திருந்தார். கிடாவின் கழுத்தில் மஞ்சள் துணி. அதன் கயிறு ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. கிடா மனுஷக் குழந்தைபோலக் கத்தியது.

"மொதல்ல கிடாவை ஏத்து!"

நான் பிடித்தேன். அது கொம்பால் என் விலாவில் குத்தியது. அந்த நேரம் பின்பக்கப் பலகைச் சுவர் வெடித்தது. தண்ணீர் ஒரு ஆள் போல வந்து எங்களை அடித்தது.

"விட்டுட்டு வாங்கண்ணே!"

"சாமிக்கு விட்டதுடா! இத விட்டுட்டு வரமாட்டேன்!" என்று கம்பால் என் மண்டையில் போட்டார்.

என் வாழ்க்கையில் நான் ஒருவரையும் அடித்ததில்லை. என் மகளைக்கூட அடித்ததில்லை. அன்று அவர் முகத்தில் குத்தினேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்றாவது குத்தில் பல் உடைந்தது கையில் தெரிந்தது. அவர் தளர்ந்ததும் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் கிடாவின் குரல் கேட்டது. பிறகு அந்தக் குரல் தண்ணீருக்குள் போனது. கயிற்றை அவிழ்த்துவிட எனக்கு நேரம் இல்லையா, தோன்றவில்லையா, இன்றுவரை எனக்கே தெரியாது.

லோரியின் பின்னால் அவர் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது ஒன்றுதான் சொன்னார். "முனியாண்டி ஒன்னைக் கேப்பான்டா."

வழியில் லோரியைக் கழுவினேன். ரோடு மூடியிருந்தது, வரிசையில் நின்றேன் என்று தௌக்கேயிடம் சொன்னேன். மனைவி கோமதியிடமும் அதையே சொன்னேன். கைக் காயம் டயர் மாற்றும்போது பட்டது என்றேன்.

எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் இரண்டையும் இரும்புக் குழாயால் அடித்ததுபோல வலி. கண் சிவந்துவிட்டது. எங்கள் தமான் குடியிருப்பில் அந்த வாரம்தான் கொசுவுக்குப் புகை அடித்திருந்தார்கள். "டிங்கிதான்" என்றாள் கோமதி. எங்கள் பக்கம் டிங்கி, அதாவது டெங்கு, என்றால் முதலில் போவது பப்பாளி மரத்துக்குத்தான். இலையை இடித்துப் பிழிந்து மூன்று நாள் கொடுத்தாள். கசப்பு மண்டைவரை ஏறும். குடித்ததையெல்லாம் பச்சையாக வாந்தி எடுத்தேன். அவளுக்கு அது டிங்கி. எனக்கு மட்டும் அது முனியாண்டி. கேட்க வந்துவிட்டான் என்று நினைத்துப் பேசாமல் படுத்திருந்தேன்.

நான்காம் நாள் தேவி என்னை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். காலையிலிருந்து மதியம்வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் எலும்பு தெரிய உட்கார்ந்து, போனில் முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து எனக்கு என் தௌக்கே ஞாபகம் வந்தது.

பார்த்தது ஒரு தமிழ் டாக்டர். தேவி வயதுதான் இருக்கும்.

"அங்கிள், சமீபத்துல வெள்ளத் தண்ணியில எறங்குனீங்களா?"

அவள் விரல் கம்ப்யூட்டரின்மேல் இருந்தது. சொன்னால் எழுதுவாள். எழுதினால் லீவுக் கடிதத்தில் வரும், அது தௌக்கே மேசைக்குப் போகும் என்று என் அறிவு கணக்குப் போட்டது.

"இல்ல டாக்டர்."

"எலி இருக்கிற எடம், சாக்கடை?"

"இல்ல."

"கையில என்னா?"

"டயரு மாத்துனேன்."

வார்டில் படுக்க வைத்தார்கள். தினமும் இரண்டு வேளை ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்தன. டிங்கியிலும் அது குறையும். ஆனால் டிங்கிச் சோதனை இரண்டு முறையும் இல்லை என்று வந்தது. கிரியேட்டினின் என்று ஒன்று ஏறிக்கொண்டே போவதாகச் சொன்னார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய அழுக்கு அது. ஏறினால் சிறுநீரகம் படுத்துவிட்டது என்று அர்த்தம். குழாய் போட்டுப் பை தொங்கவிட்டார்கள். பையில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு விரல் உயரம்கூட இல்லை. உடம்பு மஞ்சளாகிவிட்டது. டாக்டர் மறுபடி வந்து கேட்டாள். "நல்லா யோசிச்சு சொல்லுங்க அங்கிள், தண்ணியில எறங்கவே இல்லையா?" இல்லை என்று தலையை ஆட்டினேன்.

இரண்டாம் நாள் புத்தி தடுமாறியது. அழுக்கு மூளைக்கு ஏறினால் அப்படி ஆகுமாம். வார்டுத் தரையில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் கிடா நின்றது. ஊசியைப் பிடுங்கி எறிந்தேன். ரத்தம் சுவரில் அடித்தது. ஓடிவந்த வார்டு உதவியாளரான மலாய்க்காரத் தம்பியின் நெஞ்சில் குத்தினேன். இன்னொருவர் கையைக் கடித்தேன். நான்கு பேர் சேர்ந்து அமுக்கி, இரண்டு மணிக்கட்டையும் துணியால் கட்டில் கம்பியில் கட்டினார்கள். இதெல்லாம் பிறகு சொல்லித்தான் தெரியும். குத்து வாங்கிய அந்தத் தம்பிதான் மறுநாள் எனக்கு முகம் துடைத்துவிட்டான்.

கண் விழித்தபோது கோமதி கஞ்சித் தூக்கோடு நின்றாள். கட்டிய கையைப் பார்த்தாள். கரண்டியால் ஊட்டினாள். தேவி சிங்கப்பூர் ஃபேக்டரியில் வேலை முடித்து, மோட்டாரில் பாலம் கடந்து யூனிஃபார்மோடு நேராக வந்து என் கெண்டைக்காலைப் பிடித்துவிடுவாள்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு புது நோயாளியைத் தள்ளுகட்டிலில் கொண்டுவந்தார்கள். வீங்கிய தாடை, மஞ்சள் கண். என் கட்டிலைத் தாண்டும்போது அவர் திரும்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அவர் பார்த்துவிட்டார்.

"இவன்தான்! இவன்தான்டா!"

தள்ளுகட்டிலிலிருந்து குதித்தார். கையிலிருந்த ஊசி பிய்ந்து மருந்தும் ரத்தமும் தரையில் சிந்தின. என் கழுத்தை இரண்டு கையால் நெரித்தார். என் கை கட்டியிருந்தது. நர்ஸ் மிசி அலறினாள். கோமதி கஞ்சித் தூக்கால் அவர் முதுகில் அடித்தாள். டாக்டர் ஓடிவந்தாள்.

"அங்கிள், விடுங்க! இவரு உங்களுக்கு யாரு?"

"என் கிடாவைக் கொன்னவன்! வெள்ளத்துல என் வீட்டுக்குள்ள பூந்து என் பல்ல ஒடைச்சவன்! நெஞ்சுவரைக்கும் தண்ணியில நின்னுக்கிட்டு அடிச்சான்!"

டாக்டர் அவர் பல்லைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நெஞ்சுவரைக்கும் தண்ணியா?"

என் வலது கையைத் திருப்பிக் காயத்தைப் பார்த்தாள். "அங்கிள், இது டயரா?"

"இல்லம்மா" என்றேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. துடைக்கக் கை இல்லை.

அதன் பெயர் லெப்டோஸ்பைரோசிஸ். எலிக் காய்ச்சல் என்று தமிழில் சொன்னாள். எலியின் சிறுநீரில் உள்ள கிருமி வெள்ளத்தில் கலந்துவிடும். தோலில் ஒரு கிழிசல் இருந்தால் போதும், உள்ளே போய்விடும். முதலில் சாதாரணக் காய்ச்சல் போல இருக்கும். பிறகு ஈரல், சிறுநீரகம், சிலருக்கு நுரையீரல் என்று ஒவ்வொன்றாக அடிக்கும். முதலிலேயே தெரிந்தால் ஊசி மருந்தில் அடக்கிவிடலாம். நான் முதலில் சொல்லவில்லை. படிப்பவர்கள் என்னைப் பற்றி வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: வெள்ளத்தில் இறங்கியவர் காய்ச்சல் வந்தால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

உடனே கைக் கட்டை அவிழ்த்து மருந்தை மாற்றினார்கள். கழுத்து நரம்பில் ஒரு குழாய் இறக்கி இயந்திரத்தில் மாட்டினார்கள். சிறுநீரகம் செய்யும் வேலையை அது செய்யும். என் ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்ச் சுற்றி, கழுவி, திரும்ப வருவதை நானே பார்த்தேன். வரும் ரத்தம் குளிராக இருக்கும். பற்கள் தட்டும்.

மறுநாள் கோமதி ஏச ஆரம்பித்தாள்.

"முப்பது பேரை ஏத்திக்கிட்டு வந்தேன்னு சொன்னா நான் என்ன வெளக்குமாத்தாலயா அடிச்சிருப்பேன்? மூணு நாளு பப்பாளி எலைய ஊத்துனேனே, அப்பக்கூட வாயத் தொறக்கல. இப்பத்தான் உங்கள அடிக்கணும் போல இருக்கு."

சொல்லிவிட்டுக் கஞ்சியை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். ஒன்றை எடுத்துக்கொண்டு பெருமாள் அண்ணன் கட்டிலுக்குப் போனாள். அவர் மனைவி துயர்துடைப்பு மையத்தில் இருந்தார், வந்துபோக வழி இல்லை. "முதுகு வலிக்குதாண்ணே?" என்று கேட்டாள். "ராணுவத்துலகூட அப்படி அடி வாங்கல" என்றார் அவர்.

தௌக்கேக்குத் தேவியே போன் செய்து எல்லாம் சொல்லிவிட்டாள். அவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "நீ நல்ல ஆளு. ஆனா சட்டம் சட்டம் லா" என்று மலாயில் சொன்னார். வேலை போய்விட்டது. அந்த ஒரு பயத்துக்காகத்தான் உயிரைப் பணயம் வைத்துப் பொய் சொன்னேன். போன பிறகு பார்த்தால், தாங்க முடிந்தது.

பெருமாள் அண்ணன் என்னிலிருந்து இரண்டு கட்டில் தள்ளி இருந்தார். அவருக்கும் அதே எலிக் காய்ச்சல்தான். இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அடி விஷயமாகப் போலீசில் எழுதிக்கொடுக்கிறீர்களா என்று மிசி கேட்டதற்கு, "ஒனக்கு வேற வேலை இல்லையா?" என்று ஏசினார். மூன்றாம் நாள் நானே கூப்பிட்டேன்.

"அண்ணே, பல்லு..."

"பல்லு கெடக்குது. கிடாக்குப் பதில் சொல்லு."

"நீங்க செத்திருப்பீங்கண்ணே."

"செத்திருப்பேன். அதுக்குத்தான இருபத்தோரு வருஷம் ராணுவச் சட்டை போட்டேன். அந்தக் கிடா யாருக்கு விட்டதுன்னு தெரியுமா ஒனக்கு?"

தெரியாது என்றேன். அவர் சொல்லவில்லை. இருமினார். இருமல் அடங்கியதும், "கொடி இன்னும் இருக்கா?" என்றார்.

"தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிருச்சுண்ணே."

"போவட்டும். அது வேலைய அது செஞ்சிருச்சு."

அவர் என்னிடம் கோபம் இல்லாமல் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

மறுநாள் காலை, தேத்தண்ணி கொடுக்கும் நேரம், அவர் இருமல் வேறு மாதிரி ஆனது. எழுந்து உட்கார்ந்தார். வாயிலிருந்து ரத்தம் பீய்ச்சித் திரைத்துணியில் அடித்தது. மறுபடி, மறுபடி. கிருமி நுரையீரலை உடைத்திருந்தது. நான் கத்தினேன். "மிசி! டாக்டர்! ஓடி வாங்க!" என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கம் வரவில்லை. அவர் தரையில் விழாமல் பிடிக்க இறங்கப் பார்த்தேன். கழுத்துக் குழாய் இழுத்தது, நானும் விழுந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவர் ரத்தம் ஓடியது. ஓடிவந்தவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். மதியம் இறந்துவிட்டார் என்று டாக்டர் வந்து சொன்னாள். சொல்லும்போது என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு இரண்டு வாரம் கழித்துப் பையில் மஞ்சள் நீர் சேரத் தொடங்கியது. மிசி அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். சிறுநீரகம் எழுந்துவிட்டது. கழுத்துக் குழாயை எடுத்தார்கள். அவர் அன்று என் கழுத்தை நெரிக்காமல் போயிருந்தால் அந்தப் பை காலியாகவே இருந்திருக்கும்.

நடக்க முடிந்ததும் ஒரு கறுப்புக் கிடா வாங்கி, கழுத்தில் மஞ்சள் துணி கட்டி, கோமதியோடும் தேவியோடும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். லயத்தில் சுவரெல்லாம் ஆள் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. பெருமாள் அண்ணனின் மனைவி கிடாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கதானா அந்த லோரிக்காரரு?"

"ஆமா அண்ணி. இது யாருக்கு விட்ட கிடான்னு அண்ணன் சொல்லவே இல்ல."

"முந்தின வருஷத் தண்ணியில பக்கத்து வீட்டுப் புள்ள ஒன்னு போயிருச்சு. இவருதான் தேடி எடுத்தாரு. அன்னைக்கு விட்டாரு குட்டிய. இனிமே இந்த லயத்துல ஒரு உசுரும் தண்ணிக்குப் போகக்கூடாது, அடுத்த மழை தாண்டுனதும் கொடுத்துடறேன்னு முனியாண்டிகிட்ட வாக்குக் கொடுத்தாரு."

முப்பது பேரின் உயிரை அவர் அந்தக் கயிற்றில் கட்டி வைத்திருந்தார். அதைத்தான் நான் விட்டுவிட்டு வரச் சொன்னேன்.

பாதை ஓரத்தில் முனியாண்டி சாமியின் கல். லயத்து மக்கள் கூடினார்கள். அந்த நெறமாசப் பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். வெட்டுகிற ஆள் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "பெருமாளே போயிட்டாரு. வேண்டுதல் பலிக்கலையே, இப்ப எதுக்குக் கிடா?" என்றார்.

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எவன்டா பலிக்கலன்னு சொல்றது? தண்ணிக்கு யாரு போனா? எண்ணிப் பாரு. என் வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில போனாரு. அது வேற. சாமி சொன்ன சொல்லக் காப்பாத்திருச்சு. நாம காப்பாத்தணும்."

கயிற்றை என் கையில் கொடுத்தார். முடிச்சு இறுகியிருந்தது. தழும்புள்ள விரலால் மெதுவாக அவிழ்த்தேன். கத்தி ஒரே வீச்சில் இறங்கியது. ரத்தம் சூடாக என் பாதம்வரை வந்து நின்றது. நான் காலை நகர்த்தவில்லை.